குதிரைப் படப் பாங்கன்: ஓர் ஆராய்ச்சி முன்னோட்டம்

கௌபாய் கதைகளில் நாயகனுக்குப் பத்தடி பின்னால் குதிரையில் வரும் ஆசாமியைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லை. குடிகாட்டில் சிப்காட் பஸ்ஸுக்கு நிற்கும் எவரைக் கேட்டாலும் இந்தக் குறையை ஒப்புக்கொள்வார். நம் அறிஞர்கள் விமானம்வரை எதையும் தொல்காப்பியத்தில் காட்டிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு துணிவில்லை, திருக்கோவையாரோடு நிறுத்திக்கொள்கிறேன். கருதுகோள் இதுதான்: அமெரிக்கக் குதிரைத் தொடர்கள் யாவும் சிதம்பரத்திலிருந்து போனவை.

சான்று வலுவானது. தில்லைக் கூத்தனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து மாணிக்கவாசகர் பாடிய 400 பாட்டில் இரண்டாம் பகுதி பாங்கற்கூட்டம். காதலில் உருகும் தலைவனை அவன் தோழனான பாங்கன் முதலில் இடித்துரைக்கிறான். பிறகு தானே போய் இடம் பார்த்து வருகிறான். அதன்பின் தோழி வந்துவிட, அவனுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. திட்டு, வேவு பார், ஒதுங்கு. ஹாலிவுட் இதற்குமேல் என்ன கண்டுபிடித்தது?

இனி வகைகள்.

பொக்கைவாய்ப் பாங்கன்: காபி ஹேய்ஸ், பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டு நடித்தவர்.

கணக்கில் வராப் பாங்கன்: 1949 முதல் 1957 வரை ஓடிய 'தி லோன் ரேஞ்சர்' தொடரின் டோன்டோ. நடித்தவர் மோஹாக் இனத்தைச் சேர்ந்த ஜே சில்வர்ஹீல்ஸ். தொடர் முழுக்கக் கூடவே வந்தும் நாயகன் 'தனி' ரேஞ்சர்தான்.

பாறைப் பாங்கன்: 'ஷோலே' (1975) சாம்பா. வில்லனுக்கும் பாங்கன் உண்டு என்பது புறனடை.

ஜெய்சங்கரைக் குதிரையேற்றிய இயக்குநர் கர்ணனின் 'கங்கா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) ஆகியவை தனி நூலுக்குரியவை. மானியம் வந்ததும் எழுதப்படும்.

விந்துகால் பாங்கன்: இங்குதான் ஆய்வுலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. 1955-இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கன்ஸ்மோக்' தொடரில் செஸ்டராக வந்த டென்னிஸ் வீவர் ஒரு காலை மடக்காமல் விறைப்பாக நடந்தார். 1959-இல் எம்மி விருதும் வாங்கினார். கால் ஏன் விறைத்தது? பாங்கன் தலைவனை முந்தக் கூடாது என்பதற்காக என்கிறது ஒரு தரப்பு (பார்க்க: பரங்கிப்பேட்டைச் சலூன் சுவரேடு, கண்ணாடிக்கு இடப்பக்கம்). சேணம் சரியில்லை என்கிறது மறுதரப்பு (மேற்படி சுவரேடு, வெள்ளையடிப்பதற்கு முந்தைய பாடம்). இரண்டையும் மறுத்து மஞ்சக்குப்பம் பரோட்டா மாஸ்டர் ஒருவர் விருத்தியுரை செய்திருக்கிறார். அதன் மூன்றாம் தாளில் முடிவு இருந்த இடத்தில் சால்னா கொட்டியிருக்கிறது. அந்தக் கறை இடைச்செருகல் என்று அவர் சம்சாரம் எழுதிய கண்டனம் மளிகைச் சீட்டின் பின்புறம் கிடைக்கிறது. முன்புறம் துவரம்பருப்பு அரைக் கிலோ. பருப்பு மூலபாடமா உரையா என்பதில் மட்டும் இதுவரை நான்கு கருத்தரங்குகள் நடந்திருக்க வேண்டும்.

கடைசி வகை, பைதூக்கிப் பாங்கன். வழிகாட்டிப் பேராசிரியரின் பையோடு பத்தடி பின்னால் வருபவர். தரவு சேகரிப்பார், தட்டச்சு செய்வார், கருத்தரங்கில் மைக் பிடிப்பார். கட்டுரை அச்சாகும்போது டோன்டோ ஆகிவிடுவார்.

இந்த ஆய்வுக்கு மறுப்பெழுத விரும்பும் பேராசிரியர்கள் தாராளமாக எழுதலாம். உண்மையில் அதை எழுதப்போகிற மாணவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.