ராத்திரியில் கூப்பிடாத நோயாளி

எங்கள் ஜீவனஹள்ளியில் வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்துகொண்டுதான் நிற்கும். மாடிவீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது கீழ்வீட்டுக்காரனான எனக்குக் கணக்கு. அப்படியிருக்க, மாடிவீட்டுத் தம்பி டாக்டரான சங்கதி தெருவுக்குத் தெரியாமல் போகுமா? ஹவுஸ் சர்ஜன் முடித்து வந்த வாரமே எதிர்வீட்டுப் பாட்டி படியேறிப் போய் முழங்காலை நீட்டினாள். தம்பி முழங்காலைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்தான். "பாட்டி, மணி எட்டே முக்கால் ஆச்சு" என்றான்.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷம் வார்டு வார்டாக மாற்றி நிற்க வைக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அங்கே நோயைப் படிப்பார்கள். இவன் டாக்டர்களைப் படித்தான். யார் மதியச் சாப்பாட்டைச் சூடு ஆறுமுன் சாப்பிடுகிறார், யார் கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை, யார் கார் ஐந்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு.

ஒரு நாள் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் தர்ஷினியில் பை-டூ காபி வாங்கி, பாதியை எனக்குத் தள்ளிவிட்டு, போனில் ஒரு அட்டவணையைத் திறந்து காட்டினான். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற மாதிரி மேல்படிப்புக்குப் பொருத்தம் பார்த்து வைத்திருந்தான். இடதுபக்கம் துறைகள். மேலே கட்டங்கள்: நைட் டியூட்டி, எமர்ஜென்சி, ரத்தம், சொந்தக்காரர் கலாட்டா, கோர்ட்டு, ஞாயிற்றுக்கிழமை.

"ஜெனரல் சர்ஜரி?" என்றேன்.

"அப்பெண்டிக்ஸ் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வீங்கும் அங்கிள்."

"பிரசவம்?"

"குழந்தைக்கு நேரம் காலம் தெரியாது. சிசேரியனாவது பகல்ல வெச்சுக்கலாம்னா, ஜாதகம் பார்த்து பிரம்ம முகூர்த்தத்துல கத்தி வைக்கச் சொல்றாங்க."

எலும்பு வேண்டாம், பெங்களூர் ரோட்டில் குழி இருக்கிறவரை எலும்பு டாக்டருக்கு ஓய்வு கிடையாது. மயக்க மருந்து? "ஊரையெல்லாம் தூங்க வெச்சிட்டு நாம முழிச்சிருக்கிறது வேலையா, தண்டனையா அங்கிள்?"

பிணப் பரிசோதனைத் துறையைக்கூட அவன் விடவில்லை. இறந்தவர் அவசரப்படுத்த மாட்டார், பொழுது சாய்ந்தால் பரிசோதனையும் கிடையாது என்று ஒரு காலத்தில் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தானாம். 2021 நவம்பரில் மத்திய அரசு, வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று அனுமதித்துவிட்டது. அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டான். "செத்தவங்களும் நைட் வர ஆரம்பிச்சிட்டாங்க" என்றபோது அவன் குரலில் நிஜமான துக்கம் இருந்தது.

காலை ஒன்பதுக்குப் போய் மாலை நாலுக்கு வருகிற வேலை வேண்டுமென்றால் அனாட்டமி இருக்கிறதே என்று கேட்டேன். அவனுக்கு ஆட்சேபமில்லை. அவன் அம்மாதான், "ஸ்டெதாஸ்கோப் போடாத டாக்டருக்கு யாருண்ணா பொண்ணு குடுப்பா?" என்றார். நாட்டில் இந்த அம்மாக்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி இடங்கள் வருஷா வருஷம் காலியாகக் கிடக்கின்றன. 2023ல் மேல்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யின் கட்-ஆஃபைப் பூஜ்ய பெர்சன்டைலுக்கே இறக்கிப் பார்த்தார்கள். அதாவது பரீட்சை எழுதியிருந்தாலே தகுதி.

தம்பியின் அட்டவணையில் பச்சையாக மிஞ்சியவை இரண்டு. ஒன்று தோல். சொறி வந்து ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் சாகிறதில்லை, ஒரு தடவையில் குணமாகிறதுமில்லை. போதாததற்கு நம் ஊர் போர்வெல் தண்ணீர். முடி கொட்டுகிறதென்று பாதி ஊர் அழுகிறது. மற்றது ரேடியாலஜி. இருட்டறை, ஏசி, சுழல் நாற்காலி. நோயாளி வருவதில்லை, அவருடைய படம் மட்டும் வருகிறது. படம் பேசாது, "சாப்பாட்டுக்கு முன்னாலயா, அப்புறமா?" என்று கேட்காது.

அமெரிக்க மருத்துவ மாணவர்களும் இதைத்தான் சொல்கிறார்களாம். ரேடியாலஜி, ஆப்தமாலஜி, அனஸ்தீஷியா, டெர்மடாலஜி, நாலின் முதலெழுத்தையும் சேர்த்து 'ரோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுகத்துக்குப் போகிற ரோடு. ஜீவனஹள்ளி மெயின் ரோட்டில் வளர்ந்த பையன், ரோட்டில் சுகம் இருக்கிறதென்று எப்படி நம்பினானோ.

அவனுடைய கடவுள் ஒருவர் இதே ஊர்க்காரர். அர்ஜுன் கல்யாண்பூர் என்ற ரேடியாலஜிஸ்ட் 2002ல் பெங்களூரில் டெலிரேடியாலஜி கம்பெனி ஆரம்பித்தார். அமெரிக்க ஆஸ்பத்திரியில் நடுராத்திரி எடுத்த ஸ்கேனை இங்கே பட்டப்பகலில் உட்கார்ந்து பார்த்து ரிப்போர்ட் அனுப்புவது. அமெரிக்காவின் நைட் டியூட்டியை பெங்களூர்ப் பகலில் முடிப்பது! தம்பி அதைச் சொன்னபோது, பூமி உருண்டையாக இருப்பதே தனக்காகத்தான் என்பது போல ஒரு சிரிப்பு சிரித்தான்.

நான் சிரிக்கிறேனே தவிர, அவன்மேல் எனக்குக் கோபமில்லை. டெலிபோன் செய்கிற தொழிற்சாலையில் 31 வருஷம் மூன்று ஷிஃப்டும் பார்த்தவன் நான். ஒரு நைட் ஷிஃப்டில் ஸ்க்ரூவுக்குப் பதிலாக என் விரலையே முடுக்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு எட்டு மணி நேரத்தில் சங்கு ஊதிவிடும். நான் தூக்கக் கலக்கத்தில் தப்புப் பண்ணினால் மிஞ்சிப்போனால் ராங் நம்பர். டாக்டர் பண்ணினால்?

1984ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் இறந்துபோனாள். பார்த்துக்கொண்டவர்கள் ஓய்வில்லாமல் வேலை செய்த பயிற்சி டாக்டர்கள். பத்திரிகைக்காரரான அவள் அப்பா விடாமல் போராடினார். 1989ல் அந்த மாநிலத்தில் பயிற்சி டாக்டருக்கு வாரம் 80 மணி நேரம்தான் என்று வரம்பு வந்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகமோ 1992லேயே ரெசிடென்ட் டாக்டர்களுக்கு ஒரேயடியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உத்தரவு எழுதி வைத்திருக்கிறது. தாளில் நாம்தான் தாராளம். நடப்பில் 36 மணி நேர டியூட்டி என்பது பி.ஜி. மாணவர்களிடம் சாதாரணப் பேச்சு. ஊருக்கெல்லாம் 'நல்லாத் தூங்குங்க' என்று எழுதிக் கொடுக்கிற தொழிலில், தான் தூங்க ஆசைப்படுவது மட்டும் ஒழுக்கக்கேடு.

ஒன்றுதான் எனக்கு உறுத்தல். அவ்வளவு பெரிய அட்டவணையில் 'நோயாளி' என்று ஒரு கட்டம் இல்லை.

தம்பி 2024ல் பரீட்சை எழுதினான். ஜூன் 23 தேர்வை முந்தின நாள் ராத்திரி ஒத்திவைத்தார்கள். அவன் வாழ்க்கையில் விருப்பப்பட்டு விழித்திருந்த ஒரே எமர்ஜென்சி அதுதான். ஆகஸ்டில் எழுதினான். 200 கேள்வி, 800 மார்க், தப்புக்கு ஒரு மார்க் கழிவு. ரேங்க் நன்றாகவே வந்தது. தனியார் கல்லூரியில் காசு கொடுத்துச் சேர்வதென்றால் கோடி ரூபாய் பேச்சு. இவனுக்கு அரசு ஒதுக்கீட்டில் ரேடியாலஜியே கிடைத்தது. தெருவுக்கு மைசூர்பாகு கொடுத்தார்கள்.

அப்புறம் மூன்று மாதம் தம்பியைக் காணோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்கட்டில் அவன்மேல் மோதினேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். பிஸ்கட் கலர் சட்டையில் அல்ட்ராசவுண்ட் ஜெல் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"என்னப்பா, படம் பேசாதுன்னியே?"

"ஆக்சிடென்ட் கேஸ் பூரா நடுராத்திரிதான் வருது அங்கிள். எலும்புக்காரன், மண்டைக்காரன், வயித்துக்காரன் எல்லாரும் முதல்ல சி.டி. எடுன்னு எங்ககிட்டதான் தள்றாங்க. ஃபர்ஸ்ட் இயர்னா ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னு சீனியர் சொல்லிட்டான்."

பகலில் கர்ப்பிணிகள் வரிசை. ஒவ்வொருவருக்கும் 'ஃபார்ம் எஃப்' நிரப்ப வேண்டும். கருவில் ஆணா பெண்ணா பார்ப்பதைத் தடுக்க வந்த 1994ஆம் வருஷத்துச் சட்டம். அந்தத் தாளில் ஒரு கட்டம் விடுபட்டாலும் குற்றமாகலாம், 2019ல் உச்ச நீதிமன்றமும் அதைத் தளர்த்த மறுத்துவிட்டது. கட்டம் போட்டே துறையைத் தேர்ந்தெடுத்தவனுக்கு, கட்டம் நிரப்புவதே பிழைப்பாகிவிட்டது.

மேலே போனவன் ஷூவோடு சோபாவில் விழுந்ததை அவன் அம்மா வந்து சொன்னார். மறுநாள் காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே ஜீவனஹள்ளிவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். முழங்கால் வலி, சளி, காய்ச்சல் என்று மாடிப்படி ஏறாதீர்கள். மெயின் ரோட்டில் ஒரு பழைய எம்.பி.பி.எஸ். டாக்டர் இருக்கிறார். அட்டவணை போடாதவர். ராத்திரி ஒன்பதரை வரை பார்க்கிறார், அதற்குமேல் கதவைத் தட்டினால் லுங்கியோடு வந்து திறக்கிறார். வயது எழுபத்திரண்டு. அவர் மகன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான்.