மல்லதிகாரம்: உடம்பியல்

வாளும் வேலும் இன்றிக் கையையும் காலையும் மட்டுமே நம்பிப் பொருவாரை இன்னின்னார் என வகுத்துரைப்பது இவ்வியலின் நோக்கம். முதற்கண் சூத்திரம்:

பெருத்தது வெல்லும் பெரும்பான் மையே;
சிறுத்தது வெல்லும் சிறுபான் மையே;
சிறுபான் மையே சிறந்துபே சப்படும்.

இது யாம் யாத்தது. ஓலைச்சுவடி எதிலும் தேட வேண்டாம். ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழன் பெருநற்கிள்ளிக்குப் புறநானூற்றில் பாட்டு உண்டு. இருவரும் எத்தனை கிலோ என்று புலவர் குறித்து வைக்காததால் அந்தப் போரை எந்த வகையிலும் அடக்க முடியாமல் ஒதுக்கினோம்.

பொருவார் மூவகைப்படுவர்: பெருமெய்யர், நெடுமெய்யர், குறுமெய்யர்.

பெருமெய்யரைக் காண ஜப்பானின் சுமோவுக்குப் போக வேண்டும். தொழில்முறைச் சுமோவில் எடைப்பிரிவே கிடையாது. 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை விட்டு வெளியே போனால் தோல்வி. உள்ளங்கால் தவிர வேறெது மண்ணில் பட்டாலும் தோல்வி. ஓட இடமில்லாத இடத்தில் எடைக்கு மதிப்பு ஏறும். ஹவாயிலிருந்து வந்த கொனிஷிகி 280 கிலோவைத் தாண்டி, உச்சப் பட்டமான யோகொசுனாவுக்கு அடுத்த ஓசெகி பட்டம் வரை போனார்.

பெருமெய்க்கு ஒரு குறை உண்டு. உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தசையின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். பலம் பரப்பைப் பொறுத்தது. அதனால்தான் 1988 சோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நின்ற நயிம் சுலைமானோக்லு தம் எடையைப்போல் மும்மடங்குக்கும் மேலாக, 190 கிலோ தூக்கினார். ஜார்ஜியாவின் தலகாட்ஸே தூக்கிய 267 கிலோ உலக சாதனைதான். ஆனால் அவர் எடைக்கு அது இரு மடங்குகூட இல்லை. இதைக் கேட்டு ஒல்லியானவர்கள் மகிழ வேண்டாம். மேலே விழுகிறவர் விகிதாசாரத்தில் விழுவதில்லை, முழுசாக விழுகிறார்.

நெடுமெய்யர் கைநீளத்தால் பிழைப்பவர். குத்துச்சண்டையில் இது பெரிய சொத்து; எதிராளி கிட்டே வருமுன் இவர் கை போய்ச் சேர்ந்துவிடும். 213 சென்டிமீட்டர் உயர வாலுயேவை 2009இல் டேவிட் ஹே ஜெயித்தது பன்னிரண்டு சுற்றும் கிட்டே நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்துதான். இவ்வகைக்கு இவ்வளவு போதும்.

குறுமெய்யர் மீண்டும் மூன்றாவர்: திரண்டோர், நழுவுவோர், பற்றுவோர்.

திரண்டோருக்கு காமா பயில்வான் சான்று. தம்மைவிட எடை கூடிய ஸ்பிஸ்கோவோடு 1910இல் லண்டனில் மோதினார். போலந்துக்காரர் பெரும்பாலான நேரம் தரையோடு ஒட்டிக் குப்புறக் கிடந்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இது நடந்து, முடிவில்லாமல் கலைந்தது. மறு போட்டிக்கு அவர் வரவே இல்லை. 1928இல் பாட்டியாலாவில் காமா ஒரு நிமிஷத்துக்குள் கணக்கைத் தீர்த்தார்.

நழுவுவோருள் தலையாயவர் மைனோமி. சுமோவில் சேரக் குறைந்தது 173 செ.மீ. உயரம் வேண்டும் என்றிருந்தது. இவருக்கு அது இல்லை. மண்டைத்தோலுக்கடியில் சிலிக்கான் ஏற்றிக்கொண்டு வந்து அளவுகோலின் கீழ் நின்றார்! 1991இல் 203 செ.மீ. அகெபோனோவை வீழ்த்திய விதத்தைப் பாருங்கள்: ஒரு காலைக் கையால் பிடித்தார், மறு காலைத் தம் காலால் தட்டினார், நெஞ்சைத் தலையால் தள்ளினார். 1996இல் கொனிஷிகி மேலே விழுந்து இவர் இடது முழங்கால் கெட்டது. முன்சொன்ன விகிதாசாரக் கணக்கு இங்கே ஒத்துவருகிறது.

பற்றுவோர் ராய்ஸ் கிரேசி போன்றவர். 1993இல் எடைப்பிரிவு இல்லாமல் தொடங்கிய அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்பின் முதல் பட்டம் 80 கிலோக்காரரான இவருக்கே. அடுத்த ஆண்டு டிசம்பரில், 115 கிலோவுக்கு மேற்பட்ட டான் செவெர்ன் இவர்மேல் கால்மணி நேரம் ஏறிக் கிடந்தார். கடைசியில் கீழே கிடந்த கிரேசி, செவெர்னின் கழுத்தைக் கால்களால் பூட்டி வென்றார். கால வரையறை இல்லாததுதான் கிரேசியின் பெரிய ஆயுதம் என்பது எம் கருத்து. 1997இல் அந்தப் போட்டியிலும் எடைப்பிரிவு வந்துவிட்டது.

புறனடையாக ஒரு நான்காம் வகை உண்டு: விடுங்கடாவர். டீக்கடை வாசலிலும் கல்யாண மண்டபப் பந்தியிலும் தோன்றுவர். நாலு பேர் இடுப்பைப் பிடித்திருக்கும்போது இவர்க்குப் பலம் பெருகும்; பிடி தளர்ந்தால் தாமே பிடிப்பவர் கையைத் தேடுவர். இவருடைய எடையைப் பிடித்திருப்போர் எடையோடு சேர்த்தே நிறுக்க வேண்டும்.

நுணுக்கத்துக்கு அப்போது மதிப்பே இல்லையா எனின், உண்டு, எதிராளியிடம் அது இல்லாதவரை. ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ குள்ளமானவர். பலசாலிகளிடம் அடிபட்ட இளைஞர். ஆள் பெருத்தவனின் வலுவையே அவனுக்கு எதிராகத் திருப்பலாம் என்பது அந்தக் கலையின் பெருமை. 1964இல் டோக்கியோவில் ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது, மூன்று எடைப்பிரிவுகளில் ஜப்பான் வென்றது. எடை பார்க்காத திறந்த பிரிவின் இறுதியில் மட்டும் 198 செ.மீ. உயர டச்சுக்காரர் அன்டன் கீசிங்க், கமினாகாவைப் பாயோடு அழுத்திப் பிடித்துத் தங்கம் கொண்டுபோனார். ஜப்பான்காரர் கற்ற அதே பாடத்தை அவரும் ஜப்பானிலேயே போய்க் கற்றிருந்தார், உடம்பு உபரி.

1984க்குப் பிறகு ஒலிம்பிக் அந்தத் திறந்த பிரிவைக் கைவிட்டது. இன்று ஜூடோவில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு எடைப்பிரிவுகள்.