கூஸ்கோவுக்கு முன்பே உடம்பைத் தயார் செய்வது எப்படி?

கேள்வி: அடுத்த மாதம் பெரு நாட்டின் கூஸ்கோவுக்குப் போகிறேன். தினமும் காலையில் ஓடுகிறவன் நான். உயரம் என்னை என்ன செய்துவிடும்?

பதில்: ஓடிய கால்களுக்கு அங்கே சலுகை கிடையாது! கூஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம். கடலோர லிமாவிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் உங்களை இறக்கிவிடும். உங்கள் உடம்பு வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பது கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. தலைவலியும் குமட்டலும் பயில்வானுக்கும் வரும்.

அதனால் விமான நிலையத்திலிருந்து நேரே உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஒல்லாந்தாய்தாம்போ ஊர் சுமார் 2,800 மீட்டர். மச்சு பிச்சு இன்னும் தாழ்வு, 2,430. இவற்றை முதலில் பார்த்துவிட்டுக் கூஸ்கோவைக் கடைசிக்கு வையுங்கள். பயணத்தில் இந்த ஒரு மாற்றம் பெரிய உதவி.

உயரத் தொல்லையைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று புறப்படும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டிய மருந்து அது. சல்பா அலர்ஜி இருந்தால் மறைக்காதீர்கள். முதல் இரண்டு நாள் மதுவைத் தொடாதீர்கள். கோக்கா இலை டீ தருவார்கள், குடிக்கலாம். இலையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் இந்தியச் சட்டம் சும்மா விடாது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கீழே இறங்குங்கள், மருத்துவரைப் பாருங்கள்.