டேங்க் நிறையப் பாலைவனம்

ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் கூடுதல் டீசல் டேங்க் மாட்டிக்கொண்டு கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு வருபவர்களைப் பார்த்தால் பக்தியே பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பாதையான கேனிங் ஸ்டாக் ரூட் சுமார் 1,850 கிலோமீட்டர். அங்கே பெரிய டேங்க் உயிர்காக்கும். திருச்சியிலிருந்து புளியஞ்சோலை 70 கிலோமீட்டர் சொச்சம். வழியில் துறையூரில் பெட்ரோல் பங்கும் உண்டு, பரோட்டாவும் உண்டு. 100 லிட்டர் டீசலே 80 கிலோவைத் தாண்டும். மச்சானை வீட்டில் விட்டுவிட்டு அவர் எடைக்கு டீசல் ஏற்றிவந்த கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவோ, தயாரிப்பாளர் வகுத்ததை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. இத்தனையும் தாண்டி வந்தால், மலையடிவாரத்தில் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அதற்குமேல் கொல்லிமலைக்கு நடைபாதைதான். அதற்கான எரிபொருள் இட்லிக்கடையில் கிடைக்கும்.