எட்டுச் சக்கர வாகனம்

கேள்வி: பருத்திக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரின் இன்ஜினை முதுகில் கட்டி, காலில் ஸ்கேட்டிங் சக்கரத்தை மாட்டிக்கொண்டால் ஓடுமா?
- கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: சக்கரத்தோடு இணைத்துவிட்டால் ஓடும், தம்பி. நிற்குமா என்பதுதான் கேள்வி. 1961-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒருவர் இப்படியே முதுகில் ஒற்றை சிலிண்டர் இன்ஜினோடு பெட்ரோல் பங்குக்கு வந்து நின்ற படம் பிரபலம். கிளட்ச், ஆக்சிலேட்டர், இன்ஜினை அணைக்கும் சுவிட்ச் எல்லாம் கையில். பிரேக்? படக்குறிப்பு மூச்சு விடவில்லை.

நம்மூர் மோட்டார் வாகனச் சட்டம் 25 சி.சி.க்கு மேற்படாத இன்ஜினுக்கு விலக்கு தருகிறது. ஆனால் சக்கரம் நான்குக்குக் குறைவாக இருக்க வேண்டுமாம். உங்கள் இரண்டு காலிலும் சேர்த்து எட்டு! லாரி கணக்கில் சேர்த்துவிடப் போகிறார்கள்.

தார் ரோட்டை விட்டுக் கரிசலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். கோடையில் வெடிப்பு சக்கரத்தை விழுங்கும். ஒரு மழை பெய்தாலோ, மண் அப்பி அப்பிச் சக்கரமே பணியாரமாகிவிடும். எருதே திணறுகிற நிலம் அது.

வேகத்துக்கு இன்ஜினே வேண்டியதில்லை, தம்பி. 2025-இல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் சென்னை ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். மணிக்கு 42 கிலோமீட்டர் வேகம். இன்ஜின் இரண்டு தொடைகள்! பெட்ரோல் செலவில்லை. உங்கள் ஊரில்தான் கடலைமிட்டாய் இருக்கிறதே, டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.