விபத்தில்லா நாள் பலகைக்கு உரிய மரியாதை கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை, ஜொகூர் மாநிலம்.
பொருள்: ஆலை வாசல் பலகையின் அரும்பணியைச் சட்டப்படி அங்கீகரித்தல்.

மதிப்பிற்குரிய துறையினருக்கு,

பாசிர் கூடாங், தஞ்சோங் லங்சாட், பெங்கேராங் வட்டாரங்களில் இரசாயன ஆலை, எண்ணெய்க் கிடங்கு, சுத்திகரிப்பு நிலையம் எனப் பெயர் எதுவானாலும், அவற்றின் வாசலில் பச்சைப் பலகையொன்று நிற்பதையும், அதில் ‘வேலைநேர இழப்பு விபத்து இல்லாத நாட்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் நாளுக்கு ஒன்றாக ஏறுவதையும் துறை நன்கறியும். காயம்பட்டவர் அடுத்த ஷிப்டுக்கு வர முடியாமற்போகும் விபத்தே வேலைநேர இழப்பு விபத்து எனப்படும். இந்த எண் உயர உயர ஆலையும் பாதுகாப்பாகிறது என்பது நிர்வாகங்களின் அசையாத நம்பிக்கையாதலால், பொறியாளருக்கும் ஆய்வாளருக்கும் மேலான இடத்தைப் பலகைக்கு வழங்குமாறு இவ்விண்ணப்பம் பணிவுடன் கோருகிறது.

பலகையின் திறமைக்கு முதற்சான்று, அது ஏறும் விதமே. 2004ஆம் ஆண்டின் விபத்து அறிவிப்பு விதிகளின்படி, நான்கு நாட்களுக்கு மேல் தம் வழக்கமான வேலையைச் செய்ய முடியாதபடி ஒருவர் காயமுற்றால் அதனைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விரல் நசுங்கிய ஒருவரை மறுநாட்காலையே கம்பெனி வேனில் அழைத்து வந்து, வருகைப் பதிவில் இடக்கையால் கையொப்பமிட வைத்து, குளிரூட்டிய அறையில் பழைய கோப்புகளை அடுக்கச் சொன்னால், அவர் வேலையில் இருப்பதாக ஆகிவிடுகிறது. ‘இலகு வேலை’ என்று இதற்குப் பெயர். மருந்தும் தையலும் செய்ய முடியாததை ஒரு நாற்காலி செய்து முடிக்க, எண்ணும் மறுநாள் ஒன்று கூடுகிறது. மாத இறுதியில் சாப்பாட்டுப் பொட்டலமும் டி-சட்டையும் அந்த எண்ணைப் பொறுத்தே கிடைக்கும் இடத்தில், காயத்தை மறைப்பது சக தொழிலாளருக்குச் செய்யும் உதவியாகவே கருதப்படும் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அயல்நாட்டுச் சான்றுகளும் குறைவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு நிலையத்தில் 2005 மார்ச் 23 அன்று 15 பேர் மாண்ட வெடிப்புக்குச் சற்று முன்புதான், வேலைநேர இழப்பின்றி ஒரு மாதம் கழிந்ததைக் கொண்டாடும் மதிய விருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நடந்திருந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடையில், அத்தகைய விபத்தின்றி 7 ஆண்டுகள் கடந்ததைப் பாராட்ட வந்த உயரதிகாரிகள் அன்றைய தினம் மேடையிலேயே இருந்தனர். இரண்டு இடங்களிலும் பலகை கடைசி நிமிடம் வரை தன் கடமையைச் சரிவரச் செய்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் சில அறிஞர்கள் குறுக்கிட்டு, வழுக்கி விழுவதும் விரல் நசுங்குவதும் ஒருவகை, அழுத்தக்கலன் வெடிப்பதும் வாயு கசிந்து தீப்பற்றுவதும் வேறுவகை என்றும், முன்னதன் குறைவு பின்னதைப் பற்றி எதுவும் சொல்லாது என்றும் வாதிடுவர். பின்னதைத் தடுப்பது பெரும்பாலும் தாள்களிலும் வால்வுகளிலும் அடங்கியுள்ளது. தாளுக்கு எடுத்துக்காட்டு பெர்மிட், அதாவது ஆபத்தான பணியைத் தொடங்குமுன் எந்தக் குழாய் அடைக்கப்பட்டது, எந்த மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டது, காற்றில் என்ன வாயு எவ்வளவு உள்ளது எனச் சரிபார்த்துக் கையொப்பமிடும் அனுமதித் தாள். தொட்டிக்குள் இறங்குமுன் ஆக்சிஜன் அளவு 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் 20.9, 20.9, 20.9 என ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்ட பெர்மிட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் காண நேர்ந்தால், மீட்டர் பையைவிட்டு வெளியே வந்ததா என்ற ஐயம் எழுவது இயல்பே. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் 167 பேர் மாண்ட பைப்பர் ஆல்ஃபா மேடையில், பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்ப்பை இரவு ஷிப்ட் இயக்கியது. வால்வு இல்லை என்ற செய்தி பகல் ஷிப்டின் பெர்மிட்டோடு நின்றுவிட்டது.

ஆதலால் பலகையில் வேறு எண்களை எழுத வேண்டும் என இவ்வறிஞர்கள் கோரக்கூடும்: சோதனைத் தவணை கடந்தும் பணியிலிருக்கும் பாதுகாப்பு வால்வுகள் எத்தனை, ஓயாமல் ஒலிக்கிறதென்று நிறுத்திவைக்கப்பட்ட அலாரங்கள் எத்தனை, ‘அடுத்த ஷட்டவுன் வரை’ என்று கிளாம்ப் போட்டு ஒட்டிய குழாய்கள் எத்தனை, அந்த ஷட்டவுன் எத்தனை முறை தள்ளிப்போனது. இக்கோரிக்கையைத் துறை உடனே நிராகரிக்க வேண்டும். இவ்வெண்கள் தாமாக ஏறுபவை அல்ல. யாராவது குழாயருகே போய்ப் பார்த்தாக வேண்டும். பார்த்தபின் பணம் செலவாகும். அமைச்சர் வருகையின்போது பலகையருகே நின்று படமெடுக்கவும் இவை உகந்தவை அல்ல.

ஜொகூரின் அண்மை வரலாற்றிலும் பலகைக்குச் சங்கடமான நாட்கள் உண்டு. 2008 ஆகஸ்டில் தஞ்சோங் லங்சாட் எண்ணெய்த் தொட்டிகள் நாட்கணக்கில் எரிந்தன. பெங்கேராங்கில் 2019 ஏப்ரலில் ஒரு வெடிப்பும், 2020 மார்ச் 15 இரவில் 5 தொழிலாளர் மாண்ட மற்றொன்றும் நிகழ்ந்தன. ஆயினும் பலகையின் கணக்கு முறைக்கு உண்மையான வெற்றி 2019 மார்ச்சில் கிட்டியது. பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் ஆவியால் பள்ளி மாணவர்கள் மூச்சுத்திணறி மயங்கினர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. மாணவர் எவரும் எந்த ஆலைக்கும் ஊழியர் அல்லர் என்பதால், இழக்கப்பட்ட வேலைநேரம் என்று எதுவும் இல்லை. வட்டாரத்தின் பலகைகள் அந்த வாரமும் நாளுக்கு ஒன்றாக ஏறியிருக்க எந்தத் தடையும் இருக்கவில்லை.

சட்டம் பலகைக்கு நெடுங்காலம் துணைநின்றது. 1991 மே மாதம் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்துச் சிதறிய பின்னணியில் வந்த 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பொதுக் கடமையில் தவறும் முதலாளிக்கு விதித்த அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். அதன்பின் வீட்டு வாடகை ஏறியது, மீ கோரெங் ஏறியது, தேத்தாரிக்கும் ஏறியது. நாட்டில் விலையேறாமல் நின்ற அரிய பொருள்களுள் அவ்வுச்சவரம்பும் ஒன்று. 2024 ஜூன் 1 முதல் அது 500,000 ஆனதோடு, உடனடி ஆபத்தை முதலாளி அகற்றத் தவறினால் பணியிடத்தைவிட்டு விலகும் உரிமையும் தொழிலாளருக்குக் கிட்டியது. வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்ட அயல்நாட்டு ஒப்பந்தத் தொழிலாளர், தம் மொழியில் எவரும் படித்துக்காட்டாத இவ்வுரிமையை இரவு ஷிப்டின் நடுவில் பயன்படுத்தித் தொல்லை தரமாட்டார் எனப் பலகை நம்பலாம்.

பலகைக்கு இடையூறாக எஞ்சியிருப்பவை 1996ஆம் ஆண்டின் பெருவிபத்துக் கட்டுப்பாட்டு விதிகள் மட்டுமே. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயப் பொருள்களைச் சேமிக்கும் ஆலைகள் பாதுகாப்பு அறிக்கை தயாரிக்க வேண்டும், அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டும், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அண்டைவாசிகளுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்பன அவற்றின் சாரம். இதனை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், வேலிக்கு வெளியே, தாமான் வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் நோக்கி இன்னொரு பலகையை நட்டு, தொட்டிக்குள் இருப்பது என்ன, சங்கு ஊதினால் சன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருப்பதா ஓடுவதா, ஓடினால் காற்றுக்கு எந்தப் பக்கம் என்பதை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும், கூடவே வங்காளத்திலும் நேப்பாளியிலும் எழுத நேரும். அந்த இரண்டாம் பலகைக்கான அனுமதிக் கடிதம் எந்த மேசையில் தங்கியிருந்தாலும் அவசரப்பட வேண்டாம் என்றும், வாசலிலுள்ள பலகைக்கு இரவில் விளக்கு போட்டுத்தர ஆவன செய்ய வேண்டும் என்றும் விண்ணப்பம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
பலகையின் நலம்விரும்பிகள்,
பாசிர் கூடாங்.