ஒரு கொப்பி தாங்க

2008ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் படையினர் பென்ட்ரைவ் பாவிப்பதைத் தடை செய்தது. பென்ட்ரைவில் தொற்றிக்கொண்டு வந்த வைரஸ் ஒன்று அவர்களுடைய இரகசியக் கணினிகளுக்குள்ளேயே போய்க் குந்திவிட்டது. அதே காலத்தில் எங்கள் செட்டிபாளையத்துப் பொடியன்கள் பென்ட்ரைவைக் கறுப்பு நாடாவில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். தொங்கினால் ஆள் கம்பியூட்டர் படிக்கிறான் என்று அர்த்தம். கலியாணப் பேச்சில் அதற்கும் ஒரு மதிப்பு இருந்தது.

எங்களூரில் வைரஸ் பரவும் பருவம் வைகாசி. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு முடிந்த கையோடு அதன் வீடியோ வெளியில் வரும். வீடியோ எடுத்தவரிடம் அவருடைய மச்சான் ஒரு கொப்பி வாங்குவார். மச்சானிடம் சகலன் கேட்பார். சகலனுக்கு இல்லையென்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன ஏலாது. அங்கிருந்து மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை என்று சொந்தக்காரர் இருக்கிற இடமெல்லாம் கொப்பி போகும், கூடவே வைரஸும் போகும். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினால் ஊர் தானாக விலகி நிற்கும். பென்ட்ரைவில் எந்த இடத்தில் வேப்பிலை கட்டுவது?

அந்த நாள் விண்டோஸுக்கு ஒரு குணம் இருந்தது. செருகிய சாமானில் ‘ஓட்டோரன்’ என்றொரு சின்னக் கோப்பு கிடந்தால், அதில் எழுதியிருப்பதை வீட்டுக்காரரைக் கேட்காமலே செய்யத் தொடங்கிவிடும். சீடி போட்டதும் தானாகப் படம் ஓடட்டும் என்று கொடுத்த வசதி அது. 2008இன் கடைசியில் கிளம்பிய கொன்பிக்கர் என்ற வைரஸ் உலகம் சுற்ற எடுத்த வழிகளில் இதுவும் ஒன்று. 2011இல் மைக்ரோசொப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென்ட்ரைவுக்கு இந்தப் பழக்கத்தை நிறுத்தியது.

வைரஸ் எழுதுகிறவர்கள் அசரவில்லை. தானாக ஓட முடியாவிட்டால் ஆளைக் கொண்டு அமத்த வைப்பது என்று முடிவெடுத்தார்கள். அப்படி வந்ததுதான் ஷோர்ட்கட் வைரஸ். உங்கள் கோப்புறைகளை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில், மூலையில் சின்ன அம்புக்குறியோடு போலிகளை வைத்துவிடும். ‘அக்கா கலியாணம்’ என்று இருந்தால் எந்தத் தம்பிதான் அமத்தாமல் விடுவான்? அமத்தினால் கலியாணமும் திறக்கும், வைரஸும் ஓடும். சில நேரம் கலியாணமே திறக்காது. இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு போர்மட் அடித்து, ஒளிந்து கிடந்த அக்காவை உண்மையிலேயே அழித்தவர்கள் பலர். கொமினிகேசன் கடைப் பொடியன் கறுப்புத் திரையைத் திறந்து, ‘அட்ரிப்’ என்று தொடங்கும் ஒரு வரியை அடித்து, ஒளிந்ததை வெளியே எடுத்துத் தருவான். ஊர் முழுக்கப் பிறிண்ட் எடுக்க அந்தக் கடைக்குத்தான் போவதால், நோய் வாங்குவதும் அங்கே, மருந்து வாங்குவதும் அங்கே. வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்!

பிறகு போன் வந்தது. “கதைக்கிற சாமானுக்கு எங்கயிருந்தடா மனே வைரஸ் வாறது?” என்பார் பெரியப்பா. அவர் சொன்னதில் பாதி சரி. மெமரி காட் போட்ட பழைய போனைக் கணினியில் செருகினால் அது இன்னொரு பென்ட்ரைவாகத்தான் தெரியும். விண்டோஸ் வைரஸ் போனில் ஓடாது. ஆனால் காட்டில் படுத்திருந்து அடுத்த கணினி வந்ததும் எழும்பும். போனுக்குக் காய்ச்சல் இல்லை, காவுவது மட்டும்தான். பிந்தி வந்த அன்ட்ரொய்ட் போன்கள் தங்களைத் தனி டிரைவாகக் காட்டுவதை நிறுத்தியதும், அந்த வகை வைரஸ்கள் விலாசம் தெரியாமல் தடுமாறின.

போனிலிருந்தே கணினியைப் பிடிக்க நினைத்த ஆட்களும் இருந்தார்கள். 2013இல் ‘போனைச் சுத்தமாக்கித் தருகிறேன்’ என்று வந்த ஒரு செயலி, மெமரி காட்டில் அந்தப் பழைய ஓட்டோரன் கோப்பையே இறக்கி வைத்துக் கணினியைப் பிடிக்கப் பார்த்தது. அடுத்த ஜனவரியில் இன்னொன்று எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டது: கணினியில் இருந்துகொண்டு, செருகிய அன்ட்ரொய்ட் போனுக்குள் போலிச் செயலியை ஏற்றியது. அது தேடியது கொரிய வங்கிக் கணக்குகளை. பெரியப்பாவின் வங்கிப் புத்தகம் அலுமாரியில் சேலைக்கு அடியில் கிடந்ததால் அவர் தப்பினார்.

தப்பியதில் சந்தை வயருக்கும் பங்குண்டு. யூஎஸ்பி வயருக்குள் சாதாரணமாக நாலு கம்பி: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவு வயர் செய்கிறவர்களில் சிலர் தகவல் கம்பிகளை மிச்சம் பிடித்துவிடுவார்கள். அதனால் போன் சார்ச் ஏறும், ஒரு எழுத்துக்கூடக் கடக்காது. “ஏமாத்திப் போட்டான்” என்று நாம் ஏசுகிற அந்த வியாபாரியைப்போல் ஊரைக் காத்தவர் இல்லை.

2013இலேயே, சார்ஜருக்குள் சின்னக் கணினியை ஒளித்து ஐபோனுக்குள் புகலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். ஆப்பிள் அந்த வருடமே, செருகியதும் ‘இந்தக் கணினியை நம்புகிறீர்களா?’ என்று கேட்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். மகள் பிரான்ஸிலிருந்து கொடுத்தனுப்பிய ஐபோனோடு போட்டோ பிறிண்ட் எடுக்கப் போன மாமிக்கு, கடையில் வைத்து அந்தக் கேள்வியை வாசித்துக் காட்டினேன். மாமி கணினியைப் பார்க்கவே இல்லை, கடைப் பொடியனை மேலும் கீழும் பார்த்தார்.

“மனே, நீ என்ன குடி?”

அவன் தன் குலப் பெயரைச் சொன்னான். மாமியின் முகம் மலர்ந்தது.

“நம்மட புள்ளதான். ஓமெண்டு அமத்து.”